தெரியும், சொல்லமாட்டேன்

எங்கள் சர்ச் பங்குக்குப் புதிதாக வந்த ஃபாதர், முதல் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று எல்லோரிடமும் கைகுலுக்கிக்கொண்டிருந்தார். அக்கா வந்தபோது, "என் பிரசங்கம் எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டார். சும்மா ஒரு மரியாதைக்குத்தான் கேட்டார்.

"பாதில தூங்கிட்டேன் ஃபாதர். நாலு மணிக்கே எழுந்தேன், அதான். முழிச்சிக்கினு இருந்த வரிக்கும் எனக்கு ஒண்ணும் புரியல."

பின்னால் நின்ற நாங்கள் சிரிப்பை அடக்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டோம். ஃபாதரின் காது சிவந்துவிட்டது. அக்கா சிரிக்கவில்லை. குறும்புக்காகச் சொன்னதும் இல்லை. அவர் கேட்டார், இவள் சொன்னாள். குடையை விரித்துக்கொண்டு வெயிலில் இறங்கிப் போய்விட்டாள்.

ராயபுரத்தில் எங்கள் இளைஞர் குழுவுக்கு எத்தனையோ அக்காக்கள் உண்டு. ஆனால் மொட்டையாக 'அக்கா' என்றால் அவள்தான். அப்போது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். துறைமுகத்துக்கு எதிரே ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை. கப்பலில் வருகிற கன்டெய்னர்களுக்கான காகிதங்களைத் தயார் செய்து கஸ்டம்ஸுக்கு எடுத்துக்கொண்டு போவாள். ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்பவர்களிடம், "ரெண்டு பேரு வந்து பாத்தாங்க. ரெண்டு பேருக்கும் என்னப் புடிக்கல" என்பாள். கேட்டவர்தான் அவசரமாக விடைபெறுவார்.

அவளுக்குப் பொய் சொல்ல வராது. இதைச் சொன்னால் பலரும் "நல்ல விஷயம்தானே" என்பார்கள். கூட இருந்து பார்த்தால்தான் தெரியும்.

ஒருமுறை பெரம்பூரிலிருந்து ஒரு பெண் வீட்டார், எங்கள் தெருவில் இருந்த ஒரு மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வந்தார்கள். எல்லோரும் தங்கமான பையன் என்றோம். அக்காவிடமும் கேட்டார்கள். "நல்ல பையன்தான். ஆனா வாரத்துல மூணு நாளு குடிப்பான்" என்றாள். கல்யாணம் நின்றது. பையனின் அப்பா அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் அத்தனை பேர் முன்னால் அவளைக் கையை ஓங்கிக்கொண்டு அடிக்கப் போனார்.

"அவங்க கேட்டாங்க, சொன்னேன். கேக்கலன்னா நானா போயி சொல்லியிருக்க மாட்டேன்" என்றாள் அக்கா, நகராமல்.

அன்று முதல் பலர் அவளைக் கண்டால் பேச்சை மாற்றினார்கள். எனக்குமே அவள் பக்கத்தில் நிற்க ஒரு பயம் இருந்தது. அவள் கண்ணில் படாமல் எதையும் மறைக்க முடியாது என்ற பயம். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. மறைக்க நிறைய இருந்தது.

அந்த வருஷம்தான் போர்த்துகல் யாத்திரை வந்தது. உலகம் முழுக்க இருக்கிற கத்தோலிக்க இளைஞர்கள் ஒரே ஊரில் கூடுகிற யாத்திரை. எங்கள் பங்கிலிருந்து பதினோரு பேர். துணைக்கு ஃபாதரும் அக்காவும். விசா விண்ணப்பங்களை அக்காதான் பார்த்தாள். காகிதம் அவளுடைய தொழில்.

வேலை என்ற இடத்தில் நான் 'சூப்பர்வைசர்' என்று எழுதியிருந்தேன். எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் பெட்டிகளின் எண்ணைக் குறித்துக்கொள்ளும் ஒப்பந்த வேலை எனக்கு.

"நீ சூப்பர்வைசரா?"

"அப்டித்தாங்க்கா கூப்புடுவாங்க."

"யாரு கூப்புடுவாங்க?"

அவள் அதை அடித்துவிட்டு 'ஒப்பந்த ஊழியர்' என்று எழுதினாள்.

"அக்கா, இத்தப் பாத்தா விசா தரமாட்டாங்க."

"தரலன்னா வூட்லயே இருந்து செபம் பண்ணு."

கொடுத்துவிட்டார்கள். ஆனால் விண்ணப்பங்களை அனுப்புவதற்கு முன்னால் அவள் இன்னொன்று செய்தாள். எங்களை ஒவ்வொருவராகப் பங்கு அலுவலகத்தின் பின்னறைக்குக் கூப்பிட்டு, எதிரே உட்காரவைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "திரும்பி வருவியா?"

அருள் எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே நண்பன். எர்ணாவூர் சுனாமி குடியிருப்பில் அம்மாவோடு இருந்தான். அப்பா இல்லை. அம்மா காசிமேட்டில் இறால் உரிக்கப் போவார். அவன் அந்த அறையிலிருந்து வெளியே வந்தபோது சட்டைக் காலரால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"பைபிள் மேல சத்தியம் பண்ணவான்னு கேட்டேன்டா. வேணாம், வாயால சொல்லு போதும்ன்றா."

"சொன்னியா?"

"வருவேன்னு சொன்னேன்."

ஒரு வாரம் கழித்து, எண்ணூர் கடற்கரையில் கொட்டியிருக்கிற பாறைகள் மேல் உட்கார்ந்திருந்தபோது அருள் உண்மையைச் சொன்னான். போர்த்துகலின் தெற்கே பசுமைக்குடில்களில் பழம் பறிக்கிற வேலைக்கு நம்ம ஊர் ஆட்கள் நிறைய பேர் இருக்கிறார்களாம். அவனுடைய தூரத்து உறவுக்காரர் ஒருவர் அங்கே இருக்கிறார். யாத்திரை முடிகிற நாளில் இவன் நழுவிவிடுவான்.

"இங்க இன்னா கீது மச்சான்? மூச்சு வுட்டா மணலி ஃபேக்டரி கேஸு. கழிமுகத்துல வலை போட்டா எண்ணெ. எங்கம்மா கையப் பாத்துகீறியா நீ? வெரலு எல்லாம் வெடிச்சி கெடக்குது. ஒரு அஞ்சு வருசம் அங்க இருந்துட்டு வந்துட்டேன்னு வெச்சிக்க..."

"அக்காகிட்ட வருவேன்னு சொன்னியேடா."

"நீ சொல்லிடாத. அவ்ளோதான் கேக்குறேன்."

அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அந்த உறவினரின் எண்ணை என் போனில் பதிந்துகொடுத்தான். நான் யாரிடமும் சொல்லவில்லை.

யாத்திரையைப் பற்றிப் பிறகு நாங்கள் எல்லோரும் நிறையப் பேசினோம். பள்ளிக்கூடத் தரையில் படுத்தது, பெயர் உச்சரிக்க வராத நாட்டுக்காரர்களோடு தோள்மேல் கைபோட்டுப் பாடியது, ஒரு பூங்காவில் நூற்றுக்கணக்கான மர இருக்கைகளில் சாமியார்கள் உட்கார்ந்து, வருகிறவர்கள் தங்கள் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் கேட்டது. எல்லாம் நடந்தது. மற்றவர்கள் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் நான் அந்த நாட்களை அருளின் முதுகைப் பார்த்துக்கொண்டே கழித்தேன். அவன் எங்கே நிற்கிறான், பையை எங்கே வைத்திருக்கிறான், போன் வந்தால் ஏன் தள்ளிப் போகிறான். பாட்டு எதுவும் என் காதில் ஏறவில்லை. பூங்காவில் வரிசையில் நின்று, என் முறை வரும்போது விலகி வந்துவிட்டேன்.

சனிக்கிழமை, மறுநாள் கடைசித் திருப்பலிப் பூசை நடக்கவிருந்த மைதானத்துக்கு நடந்துபோனோம். ஆற்றங்கரையில் பெரிய வெட்டவெளி. போகிற வழியில் அக்கா என் பக்கத்தில் வந்தாள். அன்று ஏனோ அவளாகவே பேசினாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதலாளி நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டாளாம். பீப்பாய்களுக்குள் இருப்பது ஆபத்தில்லாத சரக்கு என்று எழுதியிருந்தது. உள்ளே இருந்தது வேறு என்று அவளுக்குத் தெரியும். இறக்கும்போது ஒரு பீப்பாய் ஒழுகி, ஒரு லோடுமேனுக்கு ஒரு கண் போய்விட்டது.

"ஆஸ்பத்திரிக்குப் போயி பாத்தேன். அந்தாளு எனக்கு நன்றி சொன்னாரு, பாக்க வந்ததுக்கு. கையெழுத்து என்னுதுன்னு அவருக்குத் தெரியாது."

"நீங்க சொல்லலியா?"

"அப்ப சொல்லல. மறுநாளு போயி சொன்னேன்."

"அவர் இன்னா சொன்னாரு?"

"வெளிய போன்னாரு."

அருள் சொன்னதைச் சொல்லிவிட எனக்கு நாக்கு வரை வந்தது. அருள் பத்தடி முன்னால் பையைத் தூக்கிக்கொண்டு நடந்துகொண்டிருந்தான். விழுங்கிவிட்டேன்.

ஞாயிறு திருப்பலி முடிந்து, கூட்டம் கலைந்தபோது அருள் இல்லை.

அக்கா எங்களைக் கொடிக்கம்பத்தின் கீழ் உட்காரவைத்து, ஒவ்வொருவரிடமும் கேட்டாள். "அருளு எங்கன்னு தெரியுமா?" எல்லோரும் தெரியாது என்றார்கள். அவர்களுக்கு உண்மையில் தெரியாது. என்னிடம் வந்தாள்.

"தெரியாதுக்கா" என்றேன். அதோடு நின்றிருக்கலாம். "தண்ணி புடிக்கப் போறேன்னு சொன்னான். தல சுத்துதுன்னு சொல்லிக்கினு இருந்தான்" என்றும் சேர்த்தேன். ஏன் அதைச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பொய்க்கு முட்டுக்கொடுக்க வேண்டும் என்று தோன்றியிருக்கும்.

அக்கா நம்பிவிட்டாள்.

மற்றவர்களை ஃபாதர் தங்குமிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் அக்காவோடு நின்றேன். நெருப்பு மாதிரி வெயில். தண்ணீர்க் குழாய்கள் இருந்த இடங்களுக்கெல்லாம் போனாள். பிறகு முதலுதவிக் கூடாரங்கள். போனில் அருளின் படத்தைக் காட்டி, "மை பாய், மை பாய்" என்று கேட்டாள். ஒரு செருப்பின் வார் அறுந்தது. இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு வெறும் சாக்ஸோடு நடந்தாள். நான் பின்னால் போனேன். ஒரு மணி, இரண்டு மணி, நான்கு மணி. என் போன் பாக்கெட்டில் கனத்தது.

கடைசிக் கூடாரத்தில் ஒரு பையன் படுத்திருந்தான். முகத்தில் ஈரத்துணி. நம்ம ஊர் நிறம், அருள் உயரம். அக்கா உள்ளே போய் அந்தத் துணியை விலக்கக் கையை நீட்டினாள். தொட முடியவில்லை. திரும்பி என்னைப் பார்த்து, "நீ பாருடா" என்றாள். அவள் உதடு வெள்ளையாக இருந்தது.

"அது அருள் இல்லக்கா" என்றேன்.

"பாக்காம எப்டி சொல்ற?"

"அவன் போயிட்டான்க்கா. தெற்கால வேலைக்குப் போயிட்டான். எனக்கு ஊர்லயே தெரியும்."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கூடாரத்தின் வாசலில் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சாக்ஸைக் கழற்றினாள். உள்ளங்காலில் கொப்புளம் உடைந்து ரத்தம் ஒட்டியிருந்தது. வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்பரு கீதா?"

கொடுத்தேன். உறவினரின் எண்தான், ஆனால் அருள்தான் எடுத்தான்.

"அருளு, அக்கா பேசுறேன். உசுரோட கீறியா?"

மறுமுனையில் அழுகைச் சத்தம் கேட்டது.

"எங்க கீற?"

அவன் ஊரின் பெயரைச் சொன்னான். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பொய்யாக ஒரு ஊரைச் சொல்லியிருக்கலாம். அவள் கேட்டால் அப்படித்தான், உண்மை வந்துவிடும். எனக்குத்தான் வரவில்லை.

"நாளைக்குக் காலையில யாத்திரை ஆபீஸ்ல என்னக் கேப்பாங்க. தெரியாதுன்னு நான் சொல்லமாட்டேன். வர்றதுன்னா அதுக்குள்ள வந்துடு."

"போட்டுக் குடுத்துடாதக்கா. உன் காலு புடிச்சி கேக்குறேன்க்கா."

"இன்னா செய்வேன்னு எனக்கே தெரியலடா" என்று போனை என்னிடம் கொடுத்துவிட்டாள்.

திங்கட்கிழமை மதியம் விமானம். அருள் வரவில்லை. காலையில் ஃபாதர் அக்காவிடம் தாழ்ந்த குரலில் கெஞ்சினார். "கூட்டத்துல காணாம போயிட்டான், எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிடும்மா. அவனும் பொழச்சிப்பான், நாமளும் ஊருக்குப் போயிடலாம்."

"எனக்குத் தெரியுமே ஃபாதர்."

"அப்ப அந்தப் பையன் வாழ்க்கை போயிடும்."

அக்கா பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். யாத்திரை அலுவலகத்தில் ஒரு மேசைக்குப் பின்னால் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் காவல்துறை. எதிரே ஃபாதர், அக்கா, கடைசியாக அருளைப் பார்த்தவன் என்பதால் நான். அந்த அதிகாரி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. குழுத் தலைவி யார் என்று கேட்டார். பிறகு அக்காவிடம் ஆங்கிலத்தில், அந்தப் பையன் எங்கே இருக்கிறான் என்று உங்களுக்குத் தெரியுமா என்றார்.

அக்காவின் ஆங்கிலம் கஸ்டம்ஸ் காகிதங்களில் படித்த ஆங்கிலம். ஒவ்வொரு சொல்லாக வைத்தாள்.

"தெரியும் சார். சொல்லமாட்டேன்."

ஃபாதர் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி பேனாவை வைத்துவிட்டார். "அவனைக் காப்பாற்றுகிறீர்களா?"

"இல்ல சார். அவன்மேல எனக்கு ரொம்பக் கோவம்."

"உங்களுக்கு யார் சொன்னது?"

நான் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"அதயும் சொல்லமாட்டேன்."

அவளை நிறுத்தி வைத்துக்கொண்டார்கள். நாங்கள் விமானம் ஏறினோம். என் பக்கத்தில் அவளுடைய இருக்கை காலியாக வந்தது. அவளை ஒரு மடத்தில் கன்னியாஸ்திரிகளோடு தங்கவைத்து, நாள்தோறும் கூப்பிட்டு விசாரித்து, எழுதி வாங்கிக்கொண்டு, நான்காம் நாள் அனுப்பினார்கள்.

விமான நிலையத்துக்கு நான் போயிருந்தேன். அக்கா தன் வீட்டுக்குப் போகவில்லை. பெட்டியோடு நேராக எர்ணாவூருக்கு ஆட்டோவை விடச் சொன்னாள். அருளின் அம்மா வாசலிலேயே நின்றிருந்தார்.

"எம் புள்ள எங்க?"

"அவன் வரலம்மா. அவனாதான் நின்னுட்டான். உசுரோட கீறான். எந்த ஊருன்னு எழுதித் தரேன்."

அந்த அம்மா அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். "நல்லா இருப்பான்ல? சொல்லும்மா, நல்லா இருப்பான்ல எம் புள்ள?"

ஒரு வார்த்தை. இருப்பான் என்று சொன்னால் போதும். அங்கே நின்ற எல்லோரும் அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தோம். நான் மனதுக்குள் கெஞ்சினேன், சொல்லித் தொலை என்று.

"தெரியலம்மா" என்றாள் அக்கா.

அந்த அம்மா போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. யாரோ ஒரு பெண் அக்காவைப் பிடித்துத் தள்ளினாள். அக்கா போகவில்லை. உள்ளே போய்ப் பாயை விரித்து அந்த அம்மாவைப் படுக்கவைத்தாள். கழுவாமல் கிடந்த பாத்திரங்களைக் கழுவினாள். சோறு வடித்தாள். சாயங்காலம் வரை இருந்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

அதற்குள் ராயபுரத்தில் கதை கட்டிவிட்டார்கள். அக்காவுக்கு முதலிலேயே தெரியுமாம். அவள்தான் ஆள் பிடித்து அனுப்பிவைத்தாளாம். பங்குப் பேரவையில் கூப்பிட்டு, உனக்கு எப்போது தெரியும் என்று கேட்டார்கள். "ஞாயித்துக்கெழம சாயந்தரம்" என்றாள். யார் சொன்னது என்றார்கள். "சொல்லமாட்டேன்" என்றாள். இளைஞர் குழுவின் பொறுப்பிலிருந்து அவளை எடுத்துவிட்டார்கள். நான் ஒரு மாதம் வாயைத் திறக்கவில்லை.

அந்த மாதக் கடைசியில், பங்கு மண்டபத்தில் யாத்திரை அனுபவப் பகிர்வு நடந்தது. ஃபாதர் எங்களை முன்கூட்டியே அழைத்துச் சொல்லியிருந்தார்: "யாராவது கேட்டா, அருள் மேல்படிப்புக்காகத் தங்கியிருக்கான்னு சொல்லுங்க. அவன் நல்லதுக்குத்தான்." திரையில் படங்கள் ஓடின. எங்கள் குழுப் படங்களில் அருள் இருந்த ஓரம் வெட்டப்பட்டிருந்தது. ஒரு படத்தில் அவன் கை மட்டும் என் தோளில் இருந்தது.

ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். உலகமே ஒரு குடும்பம் என்று உணர்ந்தோம். மொழி தெரியாமலே பேசினோம். ஆண்டவரை அருகில் கண்டோம். கைதட்டல். இரண்டாவது வரிசையில் அருளின் அம்மா. கடைசி வரிசையில் அக்கா.

என் கையிலும் ஒரு தாள் இருந்தது. மைக்கைப் பிடித்ததும் அதில் எழுதியிருந்த ஒன்றையும் படிக்க முடியவில்லை.

"அருள் படிக்கத் தங்கல. வேலைக்குத் தங்கிட்டான். போறதுக்கு முன்னாடியே எங்கிட்ட சொன்னான். அக்கா கேட்டப்ப நான் தெரியாதுன்னு பொய் சொன்னேன். தல சுத்துதுன்னு சொன்னான்னும் சேத்துச் சொன்னேன். அதக் கேட்டுக்கினு அவங்க நாளெல்லாம் வெயில்ல செருப்பில்லாம தேடுனாங்க. அங்க அதிகாரி கேட்டப்பவும் என் பேரச் சொல்லல. இங்க நீங்க கேட்டப்பவும் சொல்லல."

ஃபாதர் மைக்கை வாங்க எழுந்தார், பிறகு என்ன நினைத்தாரோ, உட்கார்ந்துவிட்டார். யாரும் கைதட்டவில்லை. அருளின் அம்மா மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். என் வாழ்க்கையில் நான் செய்த முழுப் பாவசங்கீர்த்தனம் அது ஒன்றுதான்.

வெளியே வந்தபோது அக்கா சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நின்றிருந்தாள். நான் அழுதுகொண்டே போய், "மன்னிச்சிடுக்கா" என்றேன். முதுகில் தட்டிக்கொடுப்பாள் என்று எதிர்பார்த்தேன். யாராக இருந்தாலும் அந்த இடத்தில் அதைத்தான் செய்வார்கள்.

"நீ சொன்னது நல்லது" என்றாள். "ஆனா எனக்குக் கோவம் போவலடா. செத்துட்டானோன்னு நெனச்சிக்கினு ஒரு கூடாரம் வுடாம போயி பாத்தேன். அது இன்னும் இங்கயே கீது." நெஞ்சில் விரலை வைத்துக் காட்டினாள். "துன்னியா நீ? வா, டீ சாப்புடலாம்."

டீ வாங்கிக்கொடுத்தாள். பன் வாங்கிக்கொடுத்தாள். கோபத்தோடுதான் வாங்கிக்கொடுத்தாள்.

அடுத்த வருஷம் அவள் ஆபீஸ் அவளைத் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு மாற்றியது. அருளுக்கு அங்கே தங்குவதற்குக் காகிதம் கிடைத்துவிட்டது. சமீபத்தில் ஊருக்கு வந்தவன், அம்மாவைப் பார்த்த கையோடு தூத்துக்குடிக்குப் போய் அக்காவையும் பார்த்துவிட்டு வந்தான்.

"திட்டினாளா?" என்று கேட்டேன்.

"கன்னத்துல ஒண்ணு வுட்டா மச்சான். அப்புறம் மீன் கொழம்பு ஊத்தி சோறு போட்டா. அதோட சரி, முடிஞ்சிபோச்சுன்னுட்டா."

அவனுக்கு முடிந்துவிட்டது. என்னோடு அவள் மாதம் ஒருமுறை போனில் பேசுகிறாள். வேலை நிரந்தரமாயிற்றா, அம்மாவுக்குச் சர்க்கரை எவ்வளவு, பூசைக்குப் போகிறாயா என்று கேட்கிறாள். சிரித்துத்தான் பேசுகிறாள். வைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும், கோபம் போய்விட்டதா அக்கா என்று கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு வாய் வரை வரும்.

கேட்பதில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள்.